அட்மிஷன் கவுண்டர்ல கேக்காதீங்க, எக்ஸாம் செக்ஷன்ல போய் கேளுங்க

முதல்லயே சொல்லிடறேன், இதை நான் டைப் பண்ணல. போன்ல மைக்கை அமுக்கி வெச்சுட்டு பேசிட்டே இருக்கேன், அது எழுதிக்குது. நடுவுல வர்ற ர ற, ல ள ழ எல்லாம் தங்கச்சி ஒரு தடவை பாத்து சரி பண்ணிக் குடுப்பா, அதுக்கு ரெண்டு பரோட்டா கூலி பேசியாச்சு. அப்படியும் எங்கயாவது தப்பு இருந்தா அது அவ கணக்கு.

எனக்கு டிஸ்லெக்ஸியா, கூடவே டிஸ்கிராபியாவும் இருக்கு, அதாவது படிக்கறதும் கஷ்டம் எழுதறதும் கஷ்டம். கவர்மென்ட் பேப்பர்ல இதுக்கு குறிப்பிட்ட கற்றல் குறைபாடுன்னு பேரு. கொங்குப் பக்கம் சின்ன ஊரு, அப்பா லாரி பாடி கட்டற பட்டறையில வெல்டர், அம்மா வீட்லயே தையல். நான் இப்ப பி.காம் மூணாவது வருஷம். 2023ல பிளஸ் டூ முடிச்சுட்டு காலேஜுக்கு அப்ளை பண்ணப்போ எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்ல, பாதி விஷயம் அடிபட்டுதான் தெரிஞ்சுச்சு. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, அவங்க பையனுக்கும் இதே மாதிரிதான் இருக்கு, சர்டிபிகேட்டுக்கும் காலேஜுக்கும் என்ன பண்ணணும்னு கேட்டாங்கன்னு மூணு நாளா வாய்ஸ் மெசேஜா அனுப்பித் தள்ளினேன், சரி அதையே ஒரே எடத்துல சொல்லி வெச்சுடலாம்னுதான் இது.

டிஸ்லெக்ஸியான்னா எழுத்து காத்துல பறக்கும்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. எனக்கெல்லாம் பறந்ததில்ல. என் பிரச்சனை என்னன்னா, கொடுன்னு சொல்லும்போது வாய்ல முதல்ல வர்றது க், அதுக்கு அப்புறம்தான் ஒ. ஆனா எழுதும்போது கொம்பு முன்னாடி வந்து நிக்குது, நடுவுல க, பின்னாடி கால். காது கேக்கற வரிசை ஒண்ணு கை எழுத வேண்டிய வரிசை இன்னொண்ணு, இதுக்கு நடுவுல எனக்கு எதாவது ஒண்ணு தவறிடும். கால் போடாம விட்டா கொடு கெடு ஆயிடும். ஏழாவதுல லீவ் லெட்டர்ல "விடுமுறை கெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்"னு எழுதிக் குடுத்து அதை மிஸ் கிளாஸ் முழுக்க படிச்சுக் காட்டி, எல்லாரும் சிரிச்சு, நானும் சிரிச்சேன், என்ன தப்புன்னு தெரியாமலே.

எட்டாவது வரைக்கும் நான் சோம்பேறி. அதுதான் எல்லாரோட முடிவு. ஒன்பதாவதுல வட்டார வள மையத்துல இருந்து ஒரு சிறப்பாசிரியர் எங்க ஸ்கூலுக்கு வருவாங்க, வேற ஒரு பையனுக்காகத்தான் வந்தாங்க, நான் பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்தேன். கணக்குப் பரீட்சைப் பேப்பரை வாங்கிப் பாத்துட்டு, இதுல இருக்கற கேள்வியையே வாயால கேட்டாங்க, நான் டக் டக்னு சொன்னேன், ஏழுக்கு ஆறு சரி. பேப்பர்ல வாங்கினது ஏழுக்கு ஒண்ணு. அவங்க ஹெச்.எம். கிட்ட போய், "இது படிக்காத புள்ள இல்லீங்க சார், எழுத்துதான் இதுக்கு ஒத்துழைக்கல"ன்னாங்க. அந்த டீச்சர் இல்லைன்னா நான் பத்தாவதோட தையல் மெஷின்ல உக்காந்திருப்பேன், அது கேவலம்னு சொல்லல, அம்மா அதுலதான் எங்களைப் படிக்க வெக்கறாங்க.

அவங்க சொல்லித்தான் 2019 டிசம்பர்ல, டெஸ்ட் வெச்சு கற்றல் குறைபாட்டு சர்டிபிகேட் குடுக்கற கேம்புக்குப் போனோம், எனக்கு 14 வயசு. ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னாங்க, பாத்து எழுதச் சொன்னாங்க, சொல்றதை எழுதச் சொன்னாங்க, கூட்டல் கழித்தல், அப்புறம் படம் அடுக்கற மாதிரி ஐக்யூ டெஸ்ட். பெங்களூர் நிம்ஹான்ஸ்ல தயாரிச்ச டெஸ்ட்தான் இதுக்கு அப்ப ரூல்படி வெக்கணுமாம். சைக்காலஜிஸ்ட் மேடம் அப்பா கிட்ட, வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி படிக்கக் கஷ்டம் உண்டுங்களான்னு கேட்டாங்க. அப்பா இல்லீங்கன்னாரு. திரும்பி வர்றப்போ பஸ்ல ஜன்னலைப் பாத்துட்டே, "பட்டறையில அளவை நான் எழுத மாட்டேன் சாமி, கயித்துல முடி போட்டு வெச்சுக்குவேன், 6ம் 9ம் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும்"னாரு. இது குடும்பத்துல வழிவழியா வரக்கூடியதுதான்னு எனக்கு அப்புறம் தெரிஞ்சுச்சு. அப்பாவுக்கு சர்டிபிகேட் எல்லாம் வேணாமாம், கயிறே போதுமாம்.

சரி காலேஜ் விஷயத்துக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஸ்கிரைப் பத்தி ஒண்ணு, ஏன்னா எல்லாமே அதுலதான் போய் முடியுது. ஸ்கிரைப்புன்னா நாம சொல்ல சொல்ல எழுதறவங்க, கல்வித்துறை பாஷையில சொல்வதை எழுதுபவர். எங்க பேட்ச்சுக்கு 2021ல கொரோனாவால பத்தாவது பரீட்சையே நடக்கல, ஆல் பாஸ். அதனால நான் ஸ்கிரைப்போட எழுதின முதல் பப்ளிக் எக்ஸாமே 2022 மே மாசம் பிளஸ் ஒன்தான். தனி ரூம், ஒரு டீச்சர் பேனாவைத் திறந்து வெச்சுட்டு "சொல்லும்மா"ன்னாங்க. எனக்கு ஒண்ணுமே வரல. பதில் தெரியும், ஆனா அதை ஒரு வாக்கியமா ஆரம்பிச்சு முடிச்சு சொல்லத் தெரியல, நான் பாதியில நிறுத்தினா அவங்களும் நிறுத்துவாங்க, முன்னாடி என்ன சொன்னேன்னு மறந்துடும், திரும்பப் படிச்சுக் காட்டுங்கன்னு கேக்க வாய் வரல. கேக்கலாம்னே தெரியாது. ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா டைம் இருந்தும் நான் முப்பது மார்க்குக்குத்தான் பதில் சொன்னேன்.

அதனால ஸ்கிரைப் கெடச்சாச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, சொல்றதுங்கறது தனி வித்தை, பழகணும். பிளஸ் டூ முழுக்க தினம் ராத்திரி நான் சொல்லுவேன், தங்கச்சி எழுதுவா. "தலைப்பு, அதுக்குக் கீழ கோடு, அடுத்த வரி, ஒண்ணாவது பாயிண்ட்"ன்னு பூராத்தையும் சொல்லணும். நாம ஒண்ணு சொன்னா அவ கேலி பண்ணிட்டு வேற ஒண்ணு எழுதுவா, அதுவும் ஒரு ட்ரெய்னிங்தான். கணக்குப்பதிவியல்ல இன்னும் ஒரு கூத்து, பற்று இடது பக்கம் வரவு வலது பக்கம், எனக்கு இடது வலது சட்டுன்னு பிடிபடாது. வாட்ச் கட்டுன கை பற்றுன்னு வெச்சுக்கிட்டேன். ஹாலுக்குள்ள வாட்சைக் கழட்டச் சொன்னா வாட்ச் தடம் இருக்கற கை பற்று.

பிளஸ் டூல ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு வாங்கிக்கலாம்னு ஒரு சலுகை இருக்கு, நான் இங்கிலீஷுக்கு வாங்கினேன். அப்ப சந்தோஷமா இருந்துச்சு. 2023 மே 8 ரிசல்ட், அடுத்த நாளே அப்பாவும் நானும் ஒரு தனியார் காலேஜுக்குப் போனோம். அவங்க கம்ப்யூட்டர் ஃபார்ம்ல ஆறு பாடத்துக்கு மார்க் போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும், எனக்கு அஞ்சுதான இருக்கு, அந்த அண்ணன் இங்கிலீஷ்ல 0ன்னு போட்டுட்டாரு, உடனே செவப்புல ஃபெயில்னு வந்துடுச்சு. பின்னாடி லைன்ல நிக்கறவங்க எல்லாம் எட்டிப் பாக்கறாங்க. விலக்கு வாங்கின ஆர்டர் காப்பி கையில இருந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை, நாங்க அதை ஸ்கூல்லயே விட்டுட்டு வந்துட்டோம். அந்த ஆர்டரை லேமினேட் பண்ணாதீங்க, ஆனா பத்து ஜெராக்ஸ் போட்டு மார்க் ஷீட்டோட சேத்துப் பின் அடிச்சே வெச்சுக்கோங்க. அப்புறம் இன்னொண்ணு, காலேஜ்ல பார்ட் டூ இங்கிலீஷ் இருக்கு, அங்க விலக்கு கெடைக்குமாங்கறது யூனிவர்சிட்டிக்கு யூனிவர்சிட்டி மாறும், எனக்குக் கெடைக்கல. ரெண்டு வருஷம் இங்கிலீஷ் பாடத்தையே எட்டிப் பாக்காம போய் உக்காந்தா எப்படி இருக்கும். இப்ப யாராவது கேட்டா விலக்கு வாங்குங்க, ஆனா இங்கிலீஷ் பாடத்தைக் காதால கேக்கறதை நிறுத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

அதே காலேஜ்லதான் எனக்கு ஞானோதயம் வந்துச்சு. அட்மிஷன் கவுண்டர்ல ஒரு மேடம், ரொம்ப நல்லா பேசினாங்க. ஸ்கிரைப் கெடைக்குமுங்களா மேடம்? "அதெல்லாம் பண்ணிக்கலாம்மா." எக்ஸ்ட்ரா டைம்? "பண்ணிக்கலாம்மா." இங்கிலீஷ்? "பண்ணிக்கலாம்மா, இந்த வாரத்துக்குள்ள ஃபீஸ் கட்டிட்டா சீட் கன்ஃபார்ம்." அப்பாவுக்கு ரொம்ப திருப்தி, பணம் எடுத்துட்டு வர கெளம்பிட்டாரு. நான் தண்ணி குடிக்க மாடிக்குப் போனேன், அங்க தேர்வுப் பிரிவுன்னு போர்டு இருந்துச்சு, ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சேன், சரி ஒரு வார்த்தை கேப்போமேன்னு உள்ள போனேன். வயசான சார் ஒருத்தர். "ஸ்கிரைபா? கண்ணு தெரியாதவங்களுக்குத்தானம்மா அது? உனக்கு கண்ணு நல்லாத்தான இருக்கு?" அவரைக் குறை சொல்லல, அவர் கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா அடுத்த மூணு வருஷம் என் ஃபார்ம் போக வேண்டியது அந்த டேபிளுக்குத்தான், கீழ இருக்கற மேடம் டேபிளுக்கு இல்ல. அந்த மேடத்தை ஃபீஸ் கட்டினதுக்கு அப்புறம் நாம மறுபடி பாக்கவே மாட்டோம்.

அன்னைலேந்து எந்த காலேஜுக்குப் போனாலும் நேரா தேர்வுப் பிரிவு எங்கன்னுதான் கேட்டேன். அப்படி அஞ்சு காலேஜ் ஏறி இறங்கினோம். கடைசியா ஒரு கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ், கட்டடம் பழசு, ஃபேன் பாதி ஓடாது. அங்க கிளார்க் அக்கா நான் சொல்றதை முழுசா கேட்டுட்டு, டிராயர்ல இருந்து ஒரு ஃபார்ம் எடுத்து தூசி தட்டி வெச்சுட்டு, "என்ன குரூப்புக்குப் போடற? பி.காமா? அப்ப சும்மா எழுதற ஆள் பத்தாதே, அக்கவுண்ட்ஸுக்கு கோடு போட்டு காலம் பிரிக்கத் தெரிஞ்ச புள்ளையா பாக்கணும்"னாங்க. எனக்கு அங்கயே முடிவாகிடுச்சு. அப்பா கிட்ட சொன்னேன், இந்த காலேஜ்தான்ப்பா. "ஃபேன் ஓடலையே சாமி"ன்னாரு.

கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜுக்கு ஆன்லைன்லதான் அப்ளை பண்ணணும். இங்க ஒண்ணு கவனமா கேளுங்க, நாங்க தவற விடப் பாத்த விஷயம் இது. மாற்றுத்திறனாளி, ஸ்போர்ட்ஸ், முன்னாள் ராணுவத்தினர் பசங்க மாதிரி சிறப்பு ஒதுக்கீட்டுக்குத்தான் முதல் கவுன்சலிங், பொதுக் கவுன்சலிங் அதுக்கு அப்புறம். நாங்க பொதுக் கவுன்சலிங் தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுட்டு ஹாயா இருந்தோம், அந்த கிளார்க் அக்காதான் போன் பண்ணி, ஏம்மா நாளன்னைக்கு உன் கவுன்சலிங், வர்றியா இல்லையான்னு கேட்டாங்க. நல்ல வேளை. இன்னொரு நல்ல விஷயம், பி.காம் மாதிரி கோர்ஸுக்கு ரேங்க் போடறது மொழிப் பாடம் இல்லாம மத்த நாலு பாடத்தோட 400 மார்க்குலதான், அதனால மொழி விலக்கு வாங்கினதால ரேங்க்ல ஒண்ணும் கொறையாது. பி.ஏ. தமிழ், பி.ஏ. இங்கிலீஷுக்கு மட்டும் அந்தந்த மொழி மார்க்கைப் பாப்பாங்க, அங்க போறவங்க விலக்கு வாங்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கணும்.

ஃபார்ம்ல மாற்றுத்திறனாளியான்னு கேக்கற எடத்துல ஆமான்னு போட்டா எந்த வகைன்னு கேக்கும். நான் பாத்த சில தனியார் காலேஜ் ஃபார்ம்ல பார்வை, செவி, கை கால்னு நிறுத்திடறாங்க, நம்ம வகை இருக்காது. 1995 சட்டத்துல மொத்தமே ஏழு வகைதான், அந்தக் காலத்து ஃபார்மையே இன்னும் ஓட்டிட்டு இருக்காங்க போல. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை, அதுல நம்ம கற்றல் குறைபாடு பேரு போட்டே இருக்கு. அப்படி ஃபார்ம் வந்தா மற்றவைன்னு இருக்கறதைத் தட்டிட்டு, பக்கத்துல ஒரு வெள்ளைப் பேப்பர்ல வகையை எழுதி சர்டிபிகேட் காப்பியோட குடுத்துடுங்க. அதே சட்டத்துலதான் கவர்மென்ட் காலேஜ்லயும் உதவி பெறும் காலேஜ்லயும் 5 சதவீதத்துக்குக் கொறையாம எடம் ஒதுக்கணும்னு இருக்கு, வயசு வரம்புலயும் அஞ்சு வருஷம் தளர்வு.

அந்த 5 சதவீதத்துக்கு சர்டிபிகேட்ல 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கணும். இங்கதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க, 40 இல்லைன்னா ஸ்கிரைப்பும் கெடையாதுன்னு திருப்பி அனுப்பிடறாங்க. அது வேற இது வேற. யூ.பி.எஸ்.சி. பரீட்சைக்கு ஸ்கிரைப் கேட்ட ஒருத்தர், அவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கற பிரச்சனை, 40 சதவீதம் இல்லைன்னு மறுத்துட்டாங்க, அவர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2021 பிப்ரவரில ஜெயிச்சாரு. எழுதக் கஷ்டம் இருந்தா 40 இருந்தாத்தான் ஸ்கிரைப்னு சொல்லக் கூடாதுன்னு தீர்ப்பு. அதுக்கு அப்புறம் 2022 ஆகஸ்ட்ல சென்ட்ரல் கவர்மென்ட் 40க்குக் கீழ உள்ளவங்களுக்குன்னே தனியா வழிகாட்டு நெறி போட்டுச்சு. எக்ஸ்ட்ரா டைமும் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷத்துக்குக் கொறையாம, அதாவது மூணு மணி நேர பரீட்சைக்கு ஒரு மணி நேரம். இதுல இப்ப நடப்புல இருக்கறது எதுன்னு பாத்து பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெச்சுக்கோங்க. சண்டை போட இல்ல. ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு ஒரு பேப்பர் கையில இருந்தா தைரியம் வரும், அவங்க மேல இருக்கறவங்க கிட்ட காட்ட ஒண்ணு வேணும்ல.

இப்ப எனக்கு நடந்த பெரிய சிக்கல். கற்றல் குறைபாட்டு சர்டிபிகேட் ஒரு தடவை வாங்கினா முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்ப இருந்த ரூல்ல 8 வயசுல, 14 வயசுல, 18 வயசுல மறுபடி மறுபடி டெஸ்ட் பண்ணணும், 18ல குடுக்கறதுதான் ஆயுசுக்கும் செல்லும். என் கையில இருக்கறது 14 வயசு சர்டிபிகேட். காலேஜ்ல, பழசா இருக்கேம்மா புதுசு கொண்டாங்கறாங்க. சர்டிபிகேட் போடற எடத்துல, இது 18 வரைக்கும் செல்லும், உனக்கு 18 முடியல, ஆகஸ்ட்ல வாம்மாங்கறாங்க. ரெண்டு பேரும் அவங்க அவங்க ரூல்படி சரியாத்தான் சொல்றாங்க, நடுவுல நான் ஜூன் மாசத்துல நிக்கறேன். பிளஸ் டூ முடிக்கற நிறைய பேருக்கு அப்ப 17 வயசுதான, அந்த ரூல் இருந்த வரைக்கும் எல்லாரும் இந்த சந்துலதான் மாட்டியிருப்பாங்க.

நாங்க என்ன பண்ணினோம்னா, அந்த சிறப்பாசிரியர் டீச்சர் கிட்ட ஓடினோம். அவங்க 14 வயசு சர்டிபிகேட் 18 வரைக்கும் செல்லும்ங்கற அந்த ரூல் பக்கத்தை எடுத்து அந்த வரிக்குக் கீழ கோடு போட்டுக் குடுத்தாங்க, கூடவே நாங்க ஒரு லெட்டர், ஆகஸ்ட்ல 18 முடிஞ்சதும் புது சர்டிபிகேட் வாங்கி மூணு மாசத்துக்குள்ள தர்றோம்னு அப்பா கையெழுத்தோட. காலேஜ்ல வாங்கிக்கிட்டாங்க. பொறந்த நாளுக்கு அடுத்த வாரமே கேம்புக்குப் போனேன், கேக் வெட்டினதை விட அதுதான் ஞாபகம் இருக்கு. ஆனா டேட் குடுத்து டெஸ்ட் வெச்சு சர்டிபிகேட் கைக்கு வர அக்டோபர் ஆயிடுச்சு. அதுவரைக்கும் நடந்த ரெண்டு இன்டர்னல் டெஸ்ட்டும் ஸ்கிரைப் இல்லாம நானே எழுதினேன், மார்க் கேக்காதீங்க. அதனால பிளஸ் ஒன் படிக்கும்போதே உக்காந்து கணக்குப் போட்டுப் பாருங்க, 18 எப்ப முடியுது, அட்மிஷன் எப்ப வருதுன்னு. ரூல் அப்பப்ப மாத்தறாங்க, அதனால மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல ஒரு தடவை நேர்ல கேட்டுக்கறது நல்லது. யூ.டி.ஐ.டி. கார்டுக்கும், அதாவது நாடு முழுக்க செல்லற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், அப்பவே ஆன்லைன்ல போட்டு வெச்சுடுங்க, இப்ப எதுக்கெடுத்தாலும் அந்த நம்பரைத்தான் கேக்கறாங்க.

எந்த லெட்டர் குடுத்தாலும் ரெண்டு காப்பி. ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணுல சீல் வெச்சு தேதி போட்டு நமக்கு. இது அப்பா பட்டறையில கத்துக்கிட்டது, லாரிக்காரன் வாயால சொல்ற அளவுக்கு எல்லாம் தகரம் வெட்ட மாட்டாரு.

வீட்ல நடந்த சண்டையையும் சொல்லணும். அம்மாவுக்கு கார்டு வாங்கறதே பிடிக்கல. "கண்ணு, மாற்றுத்திறனாளின்னு கார்டுல போட்டுட்டா நாளைக்கு பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நெனைப்பாங்க, பாத்தா உனக்கு ஒண்ணும் தெரியறதில்ல, அப்படியே இருந்துட்டா என்ன"ன்னு. அம்மா மேல எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா அவங்க பயமும் சும்மா வந்ததில்ல, சொந்தத்துல அப்படிப் பேசற ஆளுங்க இருக்காங்க. எங்க பாட்டிதான் முடிச்சு வெச்சாங்க, "கார்டு பீரோவுல இருக்கப் போவுது, எவன் பீரோவைத் திறந்து பாக்கறான்". அதே மாதிரிதான் காலேஜ்லயும், ஆபீஸ்லயும் ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கிட்டயும் முதல் நாளே சொல்லிட்டேன், கிளாஸ்ல யாருக்கும் சொல்லல. மூணாவது மாசம் நானா சொன்னேன், ஏன்னா ஒரு மேடம் எல்லாரையும் வரிசையா எழுந்து படிக்கச் சொன்னாங்க, என் டர்ன் வர்றதுக்குள்ள வயிறு கலக்கி பாத்ரூம் போயிட்டேன், ரெண்டாவது தடவையும் அப்படியே ஆச்சு. அப்புறம் அந்த மேடம் கிட்ட தனியா போய் சொல்லிட்டேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா"ன்னாங்க. அவ்வளவுதான். யார் கிட்ட சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, ஆனா தேர்வுப் பிரிவுக்கும் ஹெச்.ஓ.டி.க்கும் மட்டும் மறைக்காதீங்க, எக்ஸாம் நேரத்துல வந்து சொன்னா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

ஒவ்வொரு செமஸ்டருக்கும் எக்ஸாம் ஃபீஸ் கட்டும்போதே ஸ்கிரைப் ஃபார்மும் குடுத்துடணும், ஒரு தடவை குடுத்தா மூணு வருஷத்துக்கும் ஓடாது. ஆளை நாமளே கூட்டிட்டுப் போறதா இருந்தா அவங்க நம்மளை விட ஒரு படி கீழ படிச்சவங்களா இருக்கணும்னு எனக்குச் சொன்னாங்க, எனக்குன்னா பிளஸ் டூ முடிச்சவங்க. தங்கச்சியை வெச்சுக்கலாம்னு பாத்தா எங்க காலேஜ்ல சொந்தக்காரங்க வேணாம்னுட்டாங்க. அதனால ஊர்ல பிளஸ் டூ முடிச்சுட்டு கம்பெனி வேலைக்குப் போற ஒரு தம்பியைப் பிடிச்சேன், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், நேரா கோடு போடுவான். ஒரு நாள் கூலி போகுதுல்ல, அதைக் குடுத்துடுவேன், பஸ் காசும் மத்தியான சாப்பாடும். ரெண்டு ஆள் ரெடியா வெச்சுக்கோங்க. மூணாவது செமஸ்டர்ல காஸ்டிங் பரீட்சை அன்னைக்குக் காலைல அவனுக்குக் காய்ச்சல், கிளார்க் அக்கா லைப்ரரில இருந்த ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணை இழுத்துட்டு வந்தாங்க, பேப்பர் ஆரம்பிச்சு இருபது நிமிஷம் போயிடுச்சு. ஆனா போன இருபது நிமிஷத்தை கடைசில சேத்துக் குடுத்தாங்க. வேற காலேஜா இருந்தா குடுத்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியல, கண்ணு நல்லாத்தான இருக்குன்னு கேட்ட சார் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு.

படிக்கறதுக்கு நான் பண்றது ரொம்ப சாதாரணம். பாடத்தை யாராவது படிக்க போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குவேன், பஸ்ல நாப்பது நிமிஷம் அதான் ஓடும். புக்கை கூகுள் லென்ஸ்ல காட்டி எழுத்தை எடுத்து வாசிக்க வெப்பேன், தமிழைக் கொஞ்சம் ரோபோ மாதிரி படிக்கும், பழகிடும். சென்னைல மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன்னு 90கள் ஆரம்பத்துல இருந்தே இருக்காங்க, டீச்சர்களுக்கு ட்ரெய்னிங் எல்லாம் குடுக்கறாங்க, நமக்கு தூரம், ஆனா உங்க ஸ்கூல் டீச்சர் யாராவது ஆர்வமா இருந்தா அவங்க கிட்ட சொல்லி வைங்க.

கோர்ஸ் எடுக்கறதுல ஒரே ஒரு விஷயம் பாத்தேன். சிலபஸைப் பாக்கல, பழைய கொஸ்டின் பேப்பரைப் பாத்தேன். எத்தனை பேப்பர்ல பக்கம் பக்கமா கட்டுரை எழுதணும், எத்தனைல கணக்குப் போட்டா மார்க். எனக்கு பி.ஏ. ஹிஸ்டரி உயிர், கதையா கேட்டா அப்படியே மனசுல நிக்கும். ஆனா ஒவ்வொரு பரீட்சைலயும் இருபது பக்கம் வாயால சொல்லணும், தொண்டை போயிடும். பி.காம்ல பாதி கணக்கு. அந்த முடிவு சரியான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஹிஸ்டரி கிளாஸ் பக்கம் போகும்போது ஜன்னல்கிட்ட கொஞ்சம் நின்னுட்டுத்தான் போவேன்.

பக்கத்து வீட்டு அக்கா பையன் இப்ப ஒன்பதாவது. வர்ற கேம்புக்கு நானும் கூடப் போறேன்னு சொல்லியிருக்கேன். அக்கா பையனை உக்கார வெச்சு ஒரு வாரமா அழகா எழுதப் பழக்கிட்டு இருக்காங்க, டாக்டர் முன்னாடி தப்பு வந்துடக் கூடாதாம். அக்கா தயவு செஞ்சு அதை நிறுத்துங்கன்னேன். புது நோட்டெல்லாம் வேணாம், போன வருஷத்து தமிழ்க் கட்டுரை நோட்டு பழைய பேப்பர்காரனுக்குப் போயிருக்காது, அதுல செவப்பு மை ஜாஸ்தியா இருக்கறதா ரெண்டு பாத்து எடுத்து வைங்கன்னு சொல்லியிருக்கேன்.